மாதம் ஒரு சனிக்கிழமை

"அந்தம்மாவுக்குத் தந்தி அடிக்க உனக்கு யார்டி அதிகாரம் குடுத்தது?"

விருஷபதாஸ் போட்ட சத்தத்தில் அந்தக் கூடத்தில் அசையாமல் இருந்தவர் ஜீவராஜ் ஒருவர்தான். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இப்போது வெள்ளை வேட்டி போர்த்திக் கிடந்தார். மற்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற எதிர்வீட்டுத் தைலம்மாள், அழுகையை நிறுத்தினால்தான் பேச்சு காதில் விழும் என்பதால், அழுகையை நிறுத்தினாள்.

"நைனாதான் குடுத்தார்" என்றாள் தனலட்சுமி. செத்தவரின் ஒரே மகள். இருபது வயது. அழுது வீங்கிய கண்ணோடும் தலையை நிமிர்த்தித்தான் பேசினாள்.

"செத்தவரு எழுந்து வந்து சொன்னாரா?"

"உசுரோட இருக்கசொல்லவே சொன்னார். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தம்மாவுக்குச் சொல்லிடுன்னார். தபாலாபீஸ் தொறந்ததும் போய் அடிச்சிட்டு வந்துட்டேன்."

"சம்பந்தி வீட்ல வர நாள் பார்த்தாடி?"

இதற்குமேல் கூடத்தில் பேசக்கூடாது என்று அவருக்கே தோன்றிவிட்டது. அக்காள் மகளின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனார். தைலம்மாளுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் கேட்ட வரைக்கும் போதுமானதாக இருந்தது. அரை மணி நேரத்தில் செஞ்சி பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது: மெட்ராஸ்காரி வருகிறாள்.

மெட்ராஸ்காரி என்றால் யார் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐந்து வருஷமாக, மாதத்தின் முதல் சனிக்கிழமை ஜீவராஜ் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் திண்டிவனம் போவார். அங்கிருந்து மெட்ராஸ். ராத்திரி திரும்பி வருவார். பொழுது சாய்ந்தபின் வாயில் ஒரு பருக்கை வைக்காத ஜைனக் குடும்பம் என்பதால், வந்ததும் தண்ணீரைக்கூடத் தொடாமல் படுத்துவிடுவார். அங்கேயே ஆக்கிப் போட்டிருப்பாள் என்று தெரு முடிவு கட்டியது. ஒரு முழம் பூவோ கால் ராத்தல் அல்வாவோ வாங்கி வந்ததில்லை. எல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது என்றும் தெரு முடிவு கட்டியது. அவர் மனைவி ருக்மணியைக் கண்டால் கீரைக்காரிகூட ஒரு கட்டு சேர்த்துக் கொடுப்பாள். பாவம், சின்ன வீடு வைத்திருப்பவன் பெண்டாட்டி.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் யாரும் இதை மறுக்கவில்லை. மாதாமாதம் ஜீவராஜ் போய்ப் பார்த்தது ஒரு மனசு டாக்டரை. கட்டிலில் கட்டிப்போடுகிற ஆஸ்பத்திரி இல்லை. எழும்பூர் பக்கம் ஒரு வீட்டின் முன்னறை. இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் ரஞ்சிதம் என்ற அம்மாள், இன்னொன்றில் ஜீவராஜ். அவர் பேசுவார், அந்தம்மாள் கேட்பாள். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். பைத்தியம் என்றால் அடுத்த வார்த்தை ரத்தத்தில் இருக்கிறது என்பது. அதற்கு அடுத்து தனலட்சுமிக்கு மாப்பிள்ளை கிடையாது. கூத்தியாள் என்றால் யார் ரத்தத்தைப் பற்றியும் யாரும் பேசமாட்டார்கள். தனலட்சுமியின் தாய்மாமனான விருஷபதாஸ் தொண்டூரில் நிலபுலன் உள்ளவர், கணக்கில் கெட்டி. மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜ் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தபோது, தனியாக அழைத்துப் போய், "மெட்ராஸ்ல மச்சானுக்கு ஒரு தொடுப்பு இருக்குது, ஆம்பளை சமாச்சாரம், நீங்க பெரிசு பண்ணக்கூடாது" என்று அவரே சொல்லிவிட்டார். அப்பாண்டைராஜும் பெரிசு பண்ணவில்லை. சிரித்தார் என்றுகூடக் கேள்வி. தை மாதத்தில் கல்யாணம் என்று பாக்கு மாற்றியாகிவிட்டது.

அடுப்பு மூட்டாத சமையல்கட்டில் விருஷபதாஸ் குரலை இறக்கிக்கொண்டார். "இத பாரு. அந்த டாக்டரம்மா வந்து, நான் இன்னாருக்கு வைத்தியம் பார்த்தேன்னு ஒரு வார்த்தை விட்டா உன் கல்யாணம் போச்சு. அவங்க வரதுக்குள்ள எடுத்துடணும். நம்ம வழக்கமும் அதான், பொழுதோட எடுக்கணும்."

"நைனாவே சொல்லிடறேன்னு இருந்தார் மாமா. நீங்கதான் கால்ல விழுந்து கல்யாணம் முடியட்டும்னு நிறுத்தினீங்க."

"ஆமா, நிறுத்தினேன். இப்பவும் நிறுத்தறேன்."

அது உண்மை. மூன்று மாதத்துக்கு முன்புதான் ஜீவராஜுக்கு இந்தச் சின்ன வீட்டுக் கதையே தெரியவந்தது. சம்பந்தி வீட்டுக்கு நேரே போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மைத்துனர் வாசற்படியில் குப்புற விழுந்து மறித்தார். சரி, தை வரைக்கும் பொறுக்கிறேன் என்று ஜீவராஜ் உட்கார்ந்துவிட்டார். ஐப்பசியிலேயே போய்ச் சேர்ந்தார்.

எடுத்துவிடலாம் என்று மாமன் நினைத்தாரே ஒழிய, கொள்ளி வைக்க வேண்டிய தம்பி ஜினதாஸ் ஆற்றங்கரையிலிருந்து வந்தபாடில்லை. ஜீவராஜுக்கு ஆண்பிள்ளை கிடையாது. ஜினதாஸ் விறகு அடுக்குவதைப் பார்க்கப் போயிருந்தார். அவர் ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தட்டிப் பார்க்கிறார், எறும்போ பூச்சியோ இருந்தால் உதறிவிட்டுத் தனியாக வைக்கிறார் என்று ஆள் வந்து சொன்னான். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே உள்ள மனுஷன். எப்போது தட்டி முடிப்பது? ஓர் உயிர்கூடத் தீயில் விழக்கூடாதென்பது அவர்கள் வழக்கம். அதை வேண்டாமென்று சொல்ல விருஷபதாஸால் முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். மழை மேகம் ராஜகிரி உச்சியை மூடிக்கொண்டு நின்றது.

தனலட்சுமி நைனாவின் தலைமாட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ருக்மணி காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எப்போதுமே பேசுவது குறைவு.

சித்தப்பாவின் மூன்று விரல்கள் போன கதை ஊருக்குத் தெரியும், அதாவது ஊருக்குத் தெரிந்த மாதிரி தெரியும். பஜாரில் அண்ணன் தம்பி இரண்டு பேருமாக மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு எடுக்கிற மெஷின் வைத்திருந்தார்கள். ஒருநாள் ஜினதாஸ் மெஷினுக்குள் கைவிட்டு அடைப்பு எடுக்கும்போது பெல்ட் எப்படியோ சக்கரத்தில் ஏறி மெஷின் ஓடிவிட்டது. ஜீவராஜ்தான் தம்பியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடினார். அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தெரு பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தனலட்சுமிக்குத் தெரிந்தது வேறு. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் நைனாவுக்குத் துணையாக இரண்டு முறை மெட்ராஸ் போனாள். திரும்பி வரும் பஸ்ஸில், அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவரே சொன்னார். தம்பிக்கு விரல் போன அன்று காலையில் பாகம் பிரிக்கும் பேச்சு வந்திருந்தது. மெஷினில் பாதி வேண்டும் என்று தம்பி கேட்டுவிட்டான். அவன் கை உள்ளே இருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டைத் தள்ளினார்.

தூக்கம் வரவில்லை என்றுதான் முதலில் அந்த டாக்டரிடம் போனாராம். பல மாதம் ஊர்க்கதை, வியாபாரக் கதை எல்லாம் சொன்னார். பிறகு முன்வினை என்று சொல்லிப் பார்த்தார். முன்வினை இருக்கட்டும், அன்னைக்குக் காலையில என்ன நடந்தது, அதைச் சொல்லுங்க என்றாளாம் அந்தம்மாள். வருஷாவருஷம் நோன்பு முடிந்த மறுநாள் தம்பியிடம் கைகூப்பி, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள் என்று கேட்டுவிட்டேன், அவனும் என்னிடம் கேட்டுவிட்டான் என்றார். எல்லாப் பிழையும்னு கேட்டீங்களே, இந்தப் பிழையைக் கேட்டீங்களா என்றாளாம். அந்தக் கேள்வியோடு அவர் பஸ் ஏறி வந்தார். அந்த மாதம் முழுக்க மெஷின் கொட்டகையில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"பெல்ட்டைத் தள்ளினப்ப எனக்கு இன்னா இருந்துச்சு தெரியுமா?" என்று மகளிடம் கேட்டார். "சந்தோஷமா இருந்துச்சு. ஒரு கண்ணு சிமிட்டற நேரம். அதைச் சொல்லத்தான் ஒரு வருஷம் ஆச்சு. சொன்னா எழுந்து போன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லல. பரவாயில்லைன்னும் சொல்லல. அந்த ஆளும் நீங்கதான், அவனை வெளிய தொரத்த முடியாது, மூஞ்சி தெரிஞ்சிக்குங்க, அடுத்த தடவ வரும்போது அடையாளம் தெரியும்னாங்க."

அடுத்த தடவை வரத்தான் செய்தது. தனலட்சுமியே பார்த்தாள். மூட்டை தூக்கும் பச்சமுத்து நனைந்த தரையில் மல்லாட்டையைக் கொட்டிவிட்டான். ஜீவராஜ் கழியை ஓங்கினார். பழைய ஜீவராஜாக இருந்தால் பச்சமுத்துவுக்கு முதுகு இருந்திருக்காது. ஓங்கிய கை அப்படியே நின்றது. கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, "இப்ப உன்னை மண்டையை ஒடைக்கணும் போல இருக்குது பச்சமுத்து. ஒடைக்க மாட்டேன். செத்த நேரம் எட்டி நில்லு" என்றார். அடிக்குப் பயப்படாத பச்சமுத்து இதற்குப் பயந்து வேலூர்ப்பேட்டை வரைக்கும் ஓடிவிட்டான். மறுநாள் வந்தான். பிறகு மெஷின் கொட்டகையில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. முதலாளி எட்டி நில்லு என்றால் எட்டி நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிடுவார். தெருவில் இதையும் சின்ன வீட்டுக் கணக்கில் எழுதினார்கள். கிழவனுக்கு அவள் மருந்து வைத்துவிட்டாள் என்றாள் தைலம்மாள்.

அந்த வருஷ நோன்பு முடிந்த மறுநாள் ஜினதாஸ் வழக்கம்போல வந்து கைகூப்பினார். ஜீவராஜ் வழக்கமானதைச் சொல்லவில்லை. தனலட்சுமி தண்ணீர்ச் சொம்போடு கதவருகில் நின்றிருந்தாள். "உன் கையைப் பார்த்துட்டுத்தான் பெல்ட்டைத் தள்ளினேன். தெரியாம இல்ல, தெரிஞ்சு" என்றார் நைனா. ஜினதாஸ் கூப்பிய கையை இறக்கினார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த கோடை வரைக்கும் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் தானாக வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க அண்ணி என்றார். அன்றைக்கு நைனா சாப்பிட்ட மாதிரி தனலட்சுமி அவர் சாப்பிட்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

மேல்சித்தாமூரிலிருந்து அப்பாண்டைராஜ் நாலைந்து பேரோடு வந்து சேர்ந்தார். கழுத்தைச் சுற்றிச் சரிகைத் துண்டு. சாவுக்கு வந்தாலும் கல்யாணத்துக்கு வந்தாலும் நடுக்கூடத்தில்தான் நிற்பார். அவர் பின்னாலேயே ஜினதாஸும் வேட்டியில் மண்ணும் மரத்தூளுமாக வந்தார். பாடையைத் தூக்கலாம் என்று விருஷபதாஸ் வாயைத் திறக்கவும், வெளியில் தைலம்மாள் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

"வந்துட்டாடி."

தெரு இரண்டாக விலகி வழி விட்டது. எதிர்பார்த்ததற்கு வேறாக இருந்தது ஒன்றுதான். வந்தவளுக்கு அறுபதை ஒட்டிய வயது. நரைத்த கொண்டை, நெற்றியில் பொட்டில்லை, கஞ்சி போட்ட நூல் புடவை, கையில் ஆண்பிள்ளைக் குடை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். இதற்கா மாதாமாதம் போனான் என்ற ஏமாற்றம் சில ஆம்பளைகள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

விருஷபதாஸ் வாசற்படியில் குறுக்கே நின்றார். "யாருங்க நீங்க?"

"ஜீவராஜை எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

"தெரியும்னா, எந்த வகையில தெரியும்?" இதைக் கேட்டது அப்பாண்டைராஜ். குரலில் சிரிப்பு ஒட்டியிருந்தது.

அந்தம்மாள் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். தன்னை என்னவாக நினைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் டாக்டர் என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் ஜீவராஜ் அவளிடம் வந்தவர் என்றாகிவிடும். அது அவர் சொல்ல வேண்டியது, அவள் சொல்லக்கூடியது அல்ல. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சும்மா நின்றாள்.

அப்பாண்டைராஜ் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். "விடுங்க விருஷபதாஸ். பாவம், வயசான காலத்துல வந்திருக்குது. கடைசியா மூஞ்சியைப் பார்த்துட்டுப் போவட்டும். ஆம்பளைன்னா நாலும் இருக்கும்."

எல்லாரும் பெருந்தன்மையானார்கள். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விருஷபதாஸ் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் பயந்த வார்த்தை வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. வழி விட்டு ஒதுங்கினார். கல்யாணம் பிழைத்தது.

தனலட்சுமி அந்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இந்தப் பழியை வாங்கிக்கொண்டு, பிணத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே பஸ் ஏறிப் போய்விடுவாள். நைனா கூத்தியாள் வைத்திருந்தவராகப் பாடை ஏறுவார். ஐந்து வருஷம் மாதாமாதம் போய், ஒருத்தரும் கேட்காமல் தன் பாவத்தைத் தானே வாயால் சொன்ன மனுஷனை, ஊர் கண்ணைச் சிமிட்டி வழியனுப்பும்.

எழுந்து நின்றாள்.

"அவங்க டாக்டர்" என்றாள். "மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். எங்க நைனா அஞ்சு வருஷமா அவங்ககிட்டத்தான் போனார்."

"தனலட்சுமி" என்றார் மாமன். கெஞ்சலாகத்தான் வந்தது.

"யாரும் கட்டி இழுத்துக்கினு போவல. அவரே பஸ் ஏறிப் போனார். எங்க சித்தப்பா கை உள்ள இருக்கசொல்ல எங்க நைனாதான் மெஷினை ஓட விட்டார். அதை ஒத்துக்கத்தான் போனார். ஒத்துக்கினார். அதுக்கப்புறம் ஒருத்தரையும் கை நீட்டி அடிக்கல. பச்சமுத்துவைக் கேளுங்க."

பச்சமுத்து வாசலில் பாடை மூங்கிலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றைப் பிடித்தபடியே தலையை ஆட்டினான்.

விருஷபதாஸ் சிரிக்க முயன்றார். "அப்பன் செத்த துக்கம், என்னென்னவோ பேசுது. ஜினதாசு, நீயாவது சொல்லுய்யா. அது மெஷின் பண்ணின வேலைதானே?"

எல்லார் கண்ணும் அந்த இரண்டு விரல் கைமேல் போனது. ஜினதாஸ் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"மெஷினுக்குத் தானா ஓடத் தெரியாதுங்க" என்றார்.

அப்பாண்டைராஜ் சரிகைத் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பொம்பளை சகவாசம் வயசானால் போய்விடும், இது பேரன் வரைக்கும் வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் நிதானமாக விளக்கினார். தம்பி கையை வெட்டினவன் வீட்டில் என்று ஆரம்பித்து, பிணத்தைப் பார்த்துவிட்டு, முடிக்கவில்லை. மேல்சித்தாமூர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். விருஷபதாஸ் அவர்கள் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போனார். அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

தனலட்சுமி உட்காரவில்லை. நைனாவைத் தூக்குகிற வரைக்கும் நின்றுகொண்டுதான் இருப்பேன் என்கிற மாதிரி நின்றாள். பெரிய ஜமீன் வீட்டுச் சாவு போல நிற்கிறாளே என்று பின்னால் தைலம்மாள் சொன்னாள். அதில் குத்தல் பாதி, மீதி என்னவென்று தைலம்மாளுக்கே தெரிந்திருக்காது.

அந்தம்மாள் இன்னும் வாசற்படியிலேயே இருந்தாள். அப்போதுதான் ருக்மணி அசைந்தாள். ஐந்து வருஷமாக ஊரின் பரிதாபத்தையும் கீரைக்காரியின் உபரிக் கட்டையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டவள். ஜீவராஜின் தலைமாட்டில், தன் பாயில், கொஞ்சம் நகர்ந்து ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டாள். அந்த இடத்தைக் கையால் ஒருமுறை துடைத்தாள்.

"வாங்க" என்றாள்.

டாக்டரம்மாள் குடையை வெளியில் சாய்த்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜினதாஸ் முன்பக்கத்து மூங்கிலுக்கு வலது தோளைக் கொடுத்தார். மழை வருவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மேல்சித்தாமூர்ப் பையனுக்கு அதே தையில், அதே முகூர்த்தத்தில், வந்தவாசிப் பக்கத்துப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. விருஷபதாஸ் இரண்டு வருஷம் அக்காள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து, தெரிந்தவர் ஒருவருக்கு வேண்டும், அந்த டாக்டரம்மா வீடு எழும்பூரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். தெரிந்தவர் யார் என்று தெருவுக்கு ஒரு யூகம் உண்டு. ஜினதாஸ் மெஷினை விற்றுவிட்டுத் திண்டிவனத்தில் மளிகைக்கடை வைத்துக்கொண்டு போனார். டாக்டரம்மாள் வேலூரில் தங்கை வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி.

தனலட்சுமி வாத்தியார் படிப்பு படித்தாள். அனந்தபுரத்தில் வேலை. அங்கேயே சாந்திகுமார் என்று நெல் வியாபாரம் செய்கிற பையன் பெண் பார்க்க வந்தான். உங்கள் நைனாவைப் பற்றிச் சொல்கிறார்களே, நிஜமா என்று நேராகவே கேட்டானாம். நிஜம் என்று அவள் ஒன்றுவிடாமல் சொன்னாளாம், தலையை நிமிர்த்திக்கொண்டு. எங்கள் வீட்டிலும் ஒருத்தர் அப்படி ஒரு டாக்டரிடம் போயிருக்க வேண்டும், போகவில்லை என்றானாம். அறுபத்து நாலாம் வருஷம் கல்யாணம். ருக்மணியும் மகளோடு போய்விட்டாள். செஞ்சி வீட்டில் இப்போது கூட்டுறவு சங்கத்து குமாஸ்தா ஒருவர் குடியிருக்கிறார், அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அனந்தபுரம் சந்தைக்கு முறம் விற்கப் போகிற காத்தாயி போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தனலட்சுமியின் மூன்று வயசுப் பெண் அவள் கண்ணெதிரிலேயே ஒரு பால் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடித்ததாம். யாரும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ருக்மணி அந்தக் குழந்தை எதிரில் தரையில் உட்கார்ந்து, "கோவம் எங்க இருந்துச்சு, ஆயாவுக்குக் காட்டு" என்றாளாம். குழந்தை வயிற்றைத் தொட்டுப் பார்த்ததாம், நெற்றியைத் தொட்டுப் பார்த்ததாம். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முழங்கையைக் காட்டியதாம்.